குண்டனி நாட்டுக்குக் கொண்டுபோன காற்று

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகிற பஸ்ஸில் கண்டக்டர் எங்களை இறக்கிவிடப் பார்த்தார். சாக்கு சுற்றிக் கயிறு போட்டு, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கிடத்தியிருந்த இரண்டு இரும்பு உருளைகளைக் காலால் தட்டி, “இதுக்குள்ள என்னங்க?” என்று கேட்டார்.

“காத்து,” என்றேன்.

“காத்தா? காத்துக்கா ரெண்டு பேரு மூச்சு வாங்கத் தூக்கியாந்து ஏத்துனீங்க? ஏனுங்க, நக்கலா?”

பஸ்ஸே சிரித்தது. எனக்கு வந்த கோபத்துக்கு இறங்கி நடந்திருப்பேன். அந்தச் சுமையோடு எங்கே நடப்பது? பக்கத்தில் இருந்த லூயிஸ் வாயைத் திறக்கவில்லை. லூயிஸ் என் தங்கையின் புருஷன்; ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். கடைசியில் கண்டக்டர் இரண்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். “இரும்புன்னு போட்டிருக்கறனுங்க. காத்துன்னு எழுதுனா செக்கிங்குக்கு வாரவரு என்னையத்தான் ஒரு மாதிரி பாப்பாரு,” என்றார்.

அப்போது நானும் லூயிஸும் தூத்துக்குடியில் ஓர் ஆபீசில் வேலையாக இருந்தோம். கடலுக்கடியில் முத்துச்சிப்பி எப்படி விளைந்திருக்கிறது என்று இறங்கிப் பார்க்கிற ஆபீஸ். லூயிஸ் முங்குகிறவன். அவன் முதுகில் கட்டிக்கொண்டு போகிற சிலிண்டருக்குக் காற்று அடைக்கிறவன் நான். அறுபதுகளின் தொடக்கம். அந்தச் சாமான் நம் பக்கத்துக்கு வந்தே கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது.

காற்று சும்மாதானே கிடக்கிறது என்று எல்லோரும் என்னிடம் கேட்பார்கள். கிடக்கிறது, யார் இல்லையென்றது? அதைப் பிடித்துச் சிலிண்டருக்குள் திணிக்க ஒரு மெஷின் வேண்டும். மெஷினுக்குப் பெட்ரோல் வேண்டும், எண்ணெய் வேண்டும். உள்ளே போகிற காற்றைச் சுத்தம் செய்யக் கரியும் பஞ்சும் வேண்டும். பெட்ரோல் புகை உள்ளே போய்விடாமல் காற்றடிக்கிற திசையைப் பார்த்து மெஷினைத் திருப்பித் திருப்பி வைக்க ஓர் ஆள் வேண்டும். ஒன்றை நிரப்பி முடிப்பதற்குள் அந்த ஆளின் காது அடைத்துப்போகும். எங்கள் ஆபீசர் ஒருமுறை செலவுக் கணக்கைப் பார்த்துவிட்டு, “சூசை, நீ அடைக்கிற காற்றைவிட ஓட்டல் பிரியாணி மலிவப்பா,” என்றார். அதனால் எவனாவது கரையில் நின்றுகொண்டு அந்தக் குழாயை வாயில் வைத்து விளையாட்டுக்கு இழுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு சிலிண்டர் நிதானமான ஆளுக்கு முக்கால் மணி நேரம் வரும். பயந்த ஆளுக்கு அதில் பாதிகூட வராது. பயம் அப்படிக் காற்றைக் குடிக்கும். என்னை ஒரே ஒரு தடவை இறக்கிப் பார்த்தார்கள். அதோடு மெஷின் பக்கத்திலேயே உட்கார வைத்துவிட்டார்கள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

எங்களை மலைக்கு இழுத்தது ராமலிங்கத்தின் தந்தி. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், கொல்லிமலையில் ஓவர்சியர். அங்கே சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்; குண்டனி நாட்டில் ஒரு சின்ன ஏரி கட்டிக்கொண்டிருந்தான். மண் கரை எழும்பிவிட்டது. மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்கான கலிங்கு மட்டும் பாக்கி. மலைக்கு மேலே சிமெண்டு மூட்டை தலைச்சுமையாகத்தான் வரவேண்டும், மூட்டைகள் வருவதற்கு முன்னால் மழை வந்துவிட்டது. வந்த வெள்ளம் ஒரு பலாமரத்தை வேரோடு அடித்துக்கொண்டு வந்து மதகின் வாயில் செருகிவிட்டது. மதகு வழியாகத் தண்ணீர் போகவில்லை. கலிங்கு இல்லை. ஏரி நிறைந்துகொண்டே இருக்கிறது. தண்ணீர் கரையைத் தாண்டினால் மண் கரை கரைந்துவிடும், கீழே இருக்கிற வீடுகளும் நெல்வயலும் போய்விடும். யாராவது அடியில் இறங்கி அந்தக் கட்டையில் சங்கிலி மாட்டிவிட்டால் மேலேயிருந்து இழுத்துவிடலாம்.

ஆபீசர் நல்ல மனிதர். இரண்டு சிலிண்டரைக் கொடுத்து, “காற்று தீர்ந்தால் இங்கேதான் வரவேண்டும், அங்கே எவனும் அடைத்துத் தரமாட்டான், ஞாபகம் இருக்கட்டும்,” என்றார். எனக்கா ஞாபகம் இருக்காது? ரயிலில் நான் கண்ணை மூடவே இல்லை.

சேந்தமங்கலத்தில் ராமலிங்கம் அனுப்பிய ஆள் காத்திருந்தான். கருப்பண்ணன். அடிவாரத்துக்காரன், என் வயது இருக்கும். சிமெண்டு மூட்டை சுமந்து சுமந்து தோள் காய்த்திருந்தது. பஸ் நிற்கிற இடத்தில் ஒரு டயர் கடை. நாங்கள் சிலிண்டரை இறக்குவதைப் பார்த்துக் கடைக்காரர் எழுந்து வந்தார். விஷயம் தெரிந்ததும் அவருக்கு எங்கள்மேல் ஒரே இரக்கம்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா லாரி டயருக்கு அடிக்கற மெஷின்லயே அடிச்சுக் குடுத்திருப்பேனுங்க. காத்தப் போயி தூத்துக்குடியிலிருந்து தூக்கியாரீங்களே!”

லாரி டயரில் இருப்பதைப்போல இருபது முப்பது பங்கு அழுத்தி அடைத்த காற்று இது என்று சொன்னேன். அவர் சிலிண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பின்வாங்கிப் போய், “அப்படீன்னா கடைக்கு அந்தாண்ட வெச்சுக்கோங்க சாமி,” என்றார்.

மறுநாள் விடிந்ததும் ஏறினோம். வண்டி போகிற பாதை அந்தப் பக்கம் அப்போது கிடையாது. கருப்பண்ணனும் இன்னொருவனும் சிலிண்டர்களை ஒரு மூங்கிலில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் மேடு என்றால் உப்பளத்து வரப்புதான். இங்கே மூக்குக்கு நேரே பாதை நின்றது. கொஞ்ச தூரத்தில் என் மூச்சு ஓய்ந்துவிட்டது. இரண்டு சிலிண்டர் காற்று முன்னால் ஆடிக்கொண்டு போகிறது, அடைத்தவனுக்கு மூச்சு இல்லை. லூயிஸ் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

நான் வாயை மூடவில்லை. “பாத்து! பாறையில இடிச்சிராதீங்க! அந்தத் திருகு உடைஞ்சா ஆளைத் தூக்கி அடிச்சிரும்!” என்று கத்திக்கொண்டே போனேன். வெயில் வந்தால் சாக்கை நனைக்கச் சொன்னேன். மழை வந்தால் வழுக்குமே என்று பயந்தேன். மேலே போகப் போக மழைதான் வந்தது. ஒவ்வொரு தூறலுக்கும் அந்த ஏரியில் எவ்வளவு ஏறியிருக்கும் என்று மனசு அடித்துக்கொண்டது.

ஓரிடத்தில் சுமையை இறக்கி இளைப்பாறினோம். கருப்பண்ணன் குச்சிக்கிழங்கு, அதுதான் மரவள்ளி, அவித்துக் கொண்டுவந்திருந்தான். உப்பும் மிளகாயும் தொட்டு, அமிர்தம். தின்றுகொண்டே கேட்டான்.

“ஏனுங்க, இந்தக் காத்த அடைச்சு எத்தன நாளாச்சுங்க?”

“நாலு நாள்.”

“அதுலயிருந்து மூடியேதான் இருக்குதுங்களா?”

“தண்ணிக்குள்ள போறப்பதான் தெறப்போம்.”

அவன் கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு லூயிஸையே பார்த்தான். “அதத்தான் அவரு உள்ள இழுக்கோணுமுங்களா?” என்றான். ஆமாம் என்றேன். அவன் மிச்சக் கிழங்கைத் தின்னாமல் அப்படியே மடித்து வைத்துவிட்டான். களைப்பு என்று நினைத்தேன்.

ஏரிக்கரைக்கு நேர் கீழே இருந்த முதல் வீட்டில் எங்களை இறக்கினார்கள். சடையன் வீடு. சடையனின் வலதுகையில் துணி சுற்றியிருந்தது. எங்களுக்கு முன்னால் அவனே மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கிப் பார்த்திருக்கிறான். வேர்களுக்குள் கை மாட்டி, தோல் உரிந்து மேலே வந்திருக்கிறான். அவன் பெண்சாதி பாவாயி சாமைச் சோறு வடித்து, மொச்சைக் குழம்பு ஊற்றினாள். மீனில்லாத சோற்றை நான் சோறு என்று ஒத்துக்கொள்வதில்லை. அன்றைக்கு மூன்று தடவை வாங்கித் தின்றேன்.

தின்று முடித்து வெளியே வந்து நிமிர்ந்தால் கரை, வீட்டுக் கூரையைவிட உயரமாக நிற்கிறது. அதற்கு அந்தப்புறம் தண்ணீர். வாசலில் இரண்டு பிள்ளைகள் கோழியைத் துரத்தி விளையாடிக்கொண்டிருந்தன.

“பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு மேட்டுக்குப் போயிருக்கலாமேம்மா?” என்றேன்.

“போயிட்டுத்தானுங்க இருந்தோம்,” என்றாள் பாவாயி. “மூட்டையெல்லாங் கட்டியாச்சு. ஓவர்சியரு வந்து, தூத்துக்குடியிலிருந்து காத்தோட ஆளுங்க வாராங்கன்னு சொன்னாரு. நீங்கதான் வந்துட்டீங்களே, இனி எதுக்குங்க ஊட்ட உட்டுப்போட்டுப் போகோணும்?”

எல்லா வீட்டிலும் இதே கதை. கட்டின மூட்டையை அவிழ்த்துவிட்டார்கள். நாங்கள் வராமல் இருந்திருந்தால் அந்த ஜனங்கள் இந்நேரம் மேட்டில் பத்திரமாக இருந்திருப்பார்கள். கை கழுவின தண்ணீர் காய்வதற்குள் எனக்கு இது உறைத்தது. உறைத்ததிலிருந்து கால் நிலைகொள்ளவில்லை.

ராமலிங்கம் கரையிலிருந்து இறங்கி ஓடிவந்தான். பாதி ஆளாகியிருந்தான், தாடி வேறு. “சூசை, வந்தியா! வந்தியா!” என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். உடனே தண்ணீரைப் பார்க்கப் போகலாம் என்றான். புறப்படுவதற்கு முன் வழியில் ஏதும் கசிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு சிலிண்டரையும் லேசாகத் திருகித் திறந்து, ஒரு ‘ஸ்’ கேட்டதும் மூடினேன். இரண்டும் கெட்டியாக இருந்தன. எண்ணெயும் ரப்பரும் கலந்த வழக்கமான நாற்றம் கொஞ்சம் வந்தது. பக்கத்தில் குந்தியிருந்த கருப்பண்ணன் மூக்கைச் சுளித்தான்.

“நீ இங்கேயே இரு. பிள்ளைகளக் கிட்ட விடாத,” என்று அவனைக் காவல் வைத்துவிட்டுப் போனோம்.

கரைமேல் நின்று பார்த்தபோது, தண்ணீருக்கும் கரையின் விளிம்புக்கும் இரண்டு சாண்தான் இருந்தது. செம்மண் கரைசல். கையை விட்டால் கை தெரியாது. லூயிஸ் குனிந்து தண்ணீரைத் தொட்டு, “பனிக்கட்டி,” என்றான். சடையன் மதகு இருக்கும் இடத்தைக் காட்டினான். ஒரு தென்னை ஆழம் இல்லை, அதில் பாதிகூட இல்லை. ஆனால் அடியில் வேரும் கிளையுமாகப் பின்னிக்கிடக்கிறது, அதற்குள் புகுந்து சங்கிலியைச் சுற்றவேண்டும்.

“ஒண்ணு சொல்லிர்றேன்,” என்றான் ராமலிங்கம். “கட்டை அசைஞ்சிருச்சுன்னா மதகு அப்படியே இழுக்கும். பக்கத்தில் என்ன இருந்தாலும் உள்ளே கொண்டுபோயிரும். அதனால் லூயிஸ் மேலே வந்த பிறகுதான் இழுக்கணும்.”

ஒரு சிலிண்டரில் வேர்களைப் பார்த்து வழி தெரிந்துகொள்வது, இரண்டாவதில் சங்கிலி மாட்டுவது. இப்படி லூயிஸ் முடிவு செய்தான். நாளைக் காலையில் வெளிச்சம் நன்றாக வந்ததும் இறங்கலாம். இரண்டு இருக்கிறதே என்று எனக்கும் கொஞ்சம் நெஞ்சுப் பாரம் இறங்கியது.

திரும்பி வந்தோம். வாசலுக்குப் பத்தடி இருக்கும்போதே எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. இளைத்துப்போன சத்தம், முடியப்போகிற ‘ஸ்ஸ்’. வேறு எவனுக்கும் அது என்னவென்று தெரியாது. எனக்குத் தெரியும். ஓடினேன்.

ஒரு சிலிண்டரின் திருகு முழுக்கத் திறந்து கிடந்தது. அதன் கழுத்தில் பனி பூத்திருந்தது. நான் மூடினபோது மூடுவதற்கு ஒன்றும் இல்லை. பிள்ளைகளை எட்டத்தில் நிறுத்திவிட்டு, கருப்பண்ணன் தன் துண்டால் அதன் வாய்ப்பக்கம் விசிறிக்கொண்டிருந்தான்.

“அடப் பாவி! கூறுகெட்டவனே! என்ன காரியம்ல பண்ணிட்ட?”

“ஒண்ணுத்துல போயிருச்சுங்க,” என்றான் நிம்மதியாக. “நல்லாக் கத்துச்சுங்க, எனக்கே பயமாப் போச்சு. நல்ல காத்து கொஞ்சம் பூந்துக்கட்டும். அப்புறமேலுக்கு அடுத்ததையும் தொறந்து உட்டுர்றேன்.”

நான் அவன்மேல் பாய்ந்தேன். லூயிஸ் நடுவில் வந்து என்னைப் பிடித்துக்கொண்டான். தூத்துக்குடியில் இருக்கிற அத்தனை வசவும் என் வாயிலிருந்து வந்தது. கருப்பண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏன் இவர் இப்படிக் குதிக்கிறார் என்று எல்லோர் முகத்தையும் பார்த்தான்.

“அடைச்ச காத்துங்க அது. நாலு நாளு அடைச்ச காத்து. நாத்தம் வந்துச்சுங்களே, நீங்களுந்தான மோந்தீங்க? அதப் போயி மனுசன் இழுக்கலாமுங்களா? செத்துப்போயிருவாரு.”

சடையன்தான் எனக்கு அதை விளக்கினான். அடிவாரத்துப் பக்கம் சோளத்தை நிலத்தில் பெரிய குழி தோண்டிக் கொட்டி, வாயை மூடி மண் போட்டு வைப்பார்கள். மாசக்கணக்கில் மூடிக்கிடக்கிற குழியைத் திறந்த உடனே எவனும் இறங்கமாட்டான். திறந்துபோட்டு, துணியால் விசிறி, உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் போகவிடுவார்கள். விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு நின்று எரிந்தால்தான் ஆள் இறங்குவான்.

“எங்கண்ணன் பொறுக்காம எறங்கிப்போட்டானுங்க,” என்றான் கருப்பண்ணன். “பாதிச் சோளம் போதும், கொழந்தைங்க பசியா இருக்குதுன்னு எறங்குனான். கூப்புடக்கூட இல்ல. நாந்தேன் மேல நின்னுட்டிருந்தேன். நீங்க பெரியவங்க, அவசரத்துல வந்திருக்கறீங்க, தொறந்து உட மறந்துட்டீங்கன்னு நெனச்சேனுங்க.” பிறகு லூயிஸைப் பார்த்து, “நான் பண்ணுனது தப்புங்களா சாமி?” என்றான்.

லூயிஸ் அவன் தோளைத் தட்டினான். “எனக்காகத்தான செஞ்சே. விடு,” என்றான். அவனுக்கு விடலாம். எனக்கு எப்படி விட முடியும்? கோபம் போன இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது, அது இன்னும் மோசம். காலி சிலிண்டரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய் நிரப்பிக்கொண்டு வருவதற்குள் இந்த வீடு இருக்காது.

பாவாயியிடம் நானே சொன்னேன். பாதிக் காற்று போய்விட்டது, மிச்சம் போதுமா என்று தெரியாது, உங்களுக்கு நான் எந்த வாக்கும் கொடுக்க முடியாது, தயவுசெய்து மேட்டுக்குப் போங்கள் என்றேன். அவள் உள்ளே போய், அவிழ்த்த மூட்டையை மறுபடி கட்டினாள். மற்ற வீடுகளுக்கும் ஆள் போனது. இருட்டுவதற்குள் பிள்ளைகளையும் வயசானவர்களையும் ஆடு மாடுகளையும் மேட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். நெல்லை ஏற்ற முடியாது. அது இன்னும் பால் பிடிக்கிற பருவத்தில் வயலில் நின்றது.

“மாப்ள, நீ இறங்க வேண்டாம்,” என்றேன் லூயிஸிடம். “தங்கச்சிக்கு நான் என்னன்னு பதில் சொல்லுவேன்?”

“ஒண்ணு இருக்குல்லா மச்சான்,” என்றான். “எதுக்கு இப்பிடிப் பயப்படுதீங்க? உங்க பயத்துக்கும் சேத்து நான் மூச்சு விட முடியாது.” என்னைக் கேலி செய்துவிட்டுத் தூங்கியும்விட்டான்.

காலையில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு சாண் ஒரு சாணாகியிருந்தது. பிள்ளைகளை மேட்டில் விட்டுவிட்டுப் பெரியவர்கள் எல்லோரும், ஆணும் பெண்ணும், கரைக்கு வந்துவிட்டார்கள். மரம் இழுக்கிற சங்கிலியைக் கரைமேல் நீளமாகப் போட்டு ஆளுக்கு ஓர் இடம் பிடித்துக்கொண்டார்கள். முதல் இடத்தில் பாவாயி. கரை உடைந்தால் முதலில் போவது அதன்மேல் நிற்கிறவர்கள்தான். அதை யாரும் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

லூயிஸின் இடுப்பில் கயிறு கட்டினேன். ஓர் இழுப்பு என்றால் நலம். இரண்டு என்றால் சங்கிலி மாட்டியாகிவிட்டது. மூன்று என்றால் என்னைத் தூக்கு. சிலிண்டரை முதுகில் ஏற்றி வாரை இறுக்கினேன். அவன் சங்கிலியின் கொக்கியைப் பிடித்துக்கொண்டு, சிலுவை போட்டு, செம்மண் தண்ணீருக்குள் போனான்.

கடலில் அவன் விடுகிற குமிழிகளை நான் மேலே இருந்து பார்ப்பேன். குமிழி வருகிறவரை எனக்குக் கவலையில்லை. இங்கே மழை தண்ணீர்மேல் விழுந்து ஏரி முழுக்கக் குமிழியாக இருந்தது. எது மழை, எது லூயிஸ்? கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். கயிறு ஒன்றுதான் மிச்சம். அது அவ்வப்போது ஒருமுறை இழுத்தது. நலம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒன்று. கருப்பண்ணன் என் பின்னால் அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். போடா அந்தப்பக்கம் என்று சொல்ல வாய் வரவில்லை.

குளிர் தண்ணீரில் ஆள் அதிகமாக மூச்சு விடுவான். வேர்களோடு மல்லுக்கட்டினால் அதைவிட அதிகம். எனக்கு இது தெரிந்து தொலைத்ததுதான் கஷ்டம். மற்றவர்கள் லூயிஸ் இன்னும் வேலை செய்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் காற்று எங்கே வந்து நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முடியப்போகிறது, மாப்ள. வந்துவிடு. மாட்டாவிட்டால் போகட்டும், வந்துவிடு.

கயிறு இரண்டு முறை இழுத்தது.

“மாட்டிட்டான்!” என்று கத்தினேன். கரையே கத்தியது. சங்கிலியை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ராமலிங்கம், “பொறுங்க! ஆள் வரட்டும்!” என்று கையைத் தூக்கினான்.

மூன்று இழுப்பு வந்தது. நானும் கருப்பண்ணனும் இழுத்தோம். கயிறு விறைத்து நின்றது. வரவில்லை. மறுபடி இழுத்தோம். ஏதோ கிளையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கீழேயிருந்து மறுபடி மூன்று இழுப்பு, வேகமாக. அப்புறம் ஒன்று. அப்புறம் ஒன்றுமே இல்லை.

நான் என்ன கத்தினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. பக்கத்தில் இருந்த சடையன் கொடுவாளைப் பல்லில் கவ்விக்கொண்டு குதித்துவிட்டான். துணி சுற்றிய அதே கை. கயிற்றைப் பிடித்துக்கொண்டே கீழே போனான். மேலே வந்து ஒரு வாய் மூச்சு இழுத்துவிட்டு மறுபடி போனான். இரண்டாம் முறை அவன் வரத் தாமதமானபோது பாவாயி சங்கிலியைப் பிடித்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாம் முறை தண்ணீர் கிழிந்து இரண்டு தலை வந்தது. கயிற்றையும் சிலிண்டர் வாரையும் அறுத்துவிட்டு லூயிஸை முடியைப் பிடித்து இழுத்து வந்திருந்தான். சிலிண்டர் அடியிலேயே போய்விட்டது. போகட்டும், சனியன்.

லூயிஸைக் கரையில் குப்புறக் கிடத்தினோம். உதடு நீலம் பாரித்திருந்தது. முதுகை அமுக்கினேன். வாயிலிருந்து செந்தண்ணீர் வந்தது. அமுக்கினேன். சுற்றியும் கூட்டம் கவிந்துகொண்டது.

“தள்ளுங்க!” கருப்பண்ணன் இரண்டு கையாலும் ஆட்களைப் பிடித்துத் தள்ளினான். அழுதுகொண்டே தள்ளினான். “எல்லாருந் தள்ளி நில்லுங்க சாமி! அவருக்குக் காத்து வரட்டும்! காத்து வரட்டும்!”

ராமலிங்கம் அந்தப் பக்கம் கத்தினான். அவன் சொன்னதும் நியாயம்தான். தண்ணீர் ஓரிடத்தில் கரையின் விளிம்பை நக்க ஆரம்பித்திருந்தது, ஒரு கட்டி மண் சரிந்து கீழே விழுந்தது. “ஆள் வெளியே வந்தாச்சு! இழுங்க! இழுங்கய்யா!”

ஒருவரும் இழுக்கவில்லை. அத்தனை பேர் கையிலும் சங்கிலி இருக்கிறது. எல்லோரும் லூயிஸையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“பாவாயி, இழும்மா! கரை போயிரும்!”

“இருங்க ஓவர்சியரே,” என்றாள் அவள். “எங்க ஊட்டுக்காவத்தானுங்களே உள்ள எறங்குனாரு. மொதல்ல அந்தக் கண்ணு மூச்சு உடட்டும்.”

மழை கொட்டியது. நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன். என் கைக்குக் கீழே அந்த முதுகு ஒரு தடவை குலுங்கியது. லூயிஸ் இருமினான், வாந்தி எடுத்தான், மறுபடி இருமினான். பிறகு ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுத்தான். அடுத்த மூச்சு. அதற்கடுத்தது.

அவன் முகத்தைத் திருப்பி, கரைநெடுகச் சங்கிலியோடு நிற்கிற ஜனங்களைப் பார்த்தான். “மச்சான்... இன்னுமா இழுக்கல?” என்றான்.

வாய்விட்டு அழுதேன். பாவாயிதான் பதில் சொன்னாள்.

“நீங்க வரட்டுமுன்னுதானுங்க நிக்கறோம்.”

லூயிஸ் கையை மட்டும் அசைத்தான். அவர்கள் இழுத்தார்கள். சங்கிலி விறைத்தது, கட்டை கரைக்கு அடியில் புரண்டது, மதகு வழியாகத் தண்ணீர் பாய்கிற சத்தம் அந்தப்புறம் எழும்பியது. எல்லோரும் அதைப் பார்க்க ஓடினார்கள். பாவாயி மட்டும் சங்கிலியைப் போட்டுவிட்டு, லூயிஸுக்கு ஒரு வாய் சுடுதண்ணி வைக்க வேண்டும் என்று, கரைக்குக் கீழே தன் வீட்டுக்கு ஓடினாள்.